முன்தோற்றம், அளவு 1:50

நகரசபைப் படிவத்தில் ஏழாவது கேள்வி:
முகப்பின் பயன்பாடு.
பதிலுக்கு விட்டிருந்த இடம்
என் சுண்டுவிரல் நீளம்.
'வணிகம்' என்று எழுதிப்
பேனையை மூடினேன். பிறகு திறந்தேன்.

திருகோணமலையில் கிழக்குப் பார்த்த சுவர் அது.
கார்த்திகை தொடங்கித் தை முடியும்வரை
வாடை அதன்மேல் உப்பை அறையும்.
சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் காற்றுக்குக் கொடுத்து
உள்ளே அடுக்கிய நைலோன் வலைகளைக்
காயவே வைத்திருந்தது.
நனைவது ஒரு வேலை.
நனைந்ததை உள்ளே சொல்லாமல் இருப்பது
இன்னொரு வேலை.

மேல்மாடியின் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில்
யாரோ குழைத்து ஒட்டிய சாந்து மயில்.
அலகில்லை.
எப்போது போனது என்று கேட்டேன்.
"அது சண்டைக்குள்ள" என்றார் சின்னலெவ்வை ஹாஜியார்.
எந்தச் சண்டை என்று கேட்கவில்லை.

மயிலின் காலடியில் மூன்று மொழிப் பலகை:
வலை, கயிறு, ஈயம்.
சிங்களத்தில் ஓர் எழுத்து மட்டும் புதுச் சிவப்பு.
பிழை கண்டு ஏணி கேட்டு ஏறித் திருத்திய
கடற்படைப் பையன்
தேநீருக்கும் நிற்கவில்லையாம்.

நாடாவின் மறுமுனையில் றிஸ்னா.
"பதினெட்டடி நாலங்குலம்."
எழுதினேன்.
"ஒன்பது ஓட்டை. புட்டி வச்சு அடைச்சிருக்கு."
அதற்கு வரைபடத்தில் குறியீடு இல்லை.
வெறுஞ்சுவராகவே கீறினேன்.

தன் முகப்பைப் பார்க்க விரும்புகிறவர்
தெருவைக் கடக்க வேண்டும்.
ஹாஜியார் கடப்பதில்லை.
எதிரே ஐஸ் விற்கும் மரியசீலனோடு
ஒரு வடிகான் தகராறில்
இருபது வருஷமாய்ப் பேச்சில்லை.
ஆக, அந்தச் சுவரை
முழுசாய் அறிந்தவன் மரியசீலன்தான்.
மயிலின் கொண்டையில் வெயில் பட்டால்
பலகையைக் கழற்றிக் கடை திறப்பான்.
பின்னேரம் நாலு மணிக்குச்
சுவர் தானே இறங்கி,
தார் ரோட்டைக் கடந்து,
அவன் வாசலில் கால்நீட்டிப் படுக்கும்.
கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள்
அதன்மேல் படுத்து அசைபோடும்.
வீட்டுக்காரர் போகாத இடத்துக்கு
வீடு நாள்தோறும் போய்வந்தது.

இதையெல்லாம் சுண்டுவிரல் நீளத்தில்
எப்படி எழுத?

தோஹாவிலிருந்து மகன் படம் அனுப்பியிருந்தான்:
அலுமினியச் சட்டம், நீலக் கண்ணாடி.
கீறினேன். கண்ணாடிக்கு
மூன்று சரிகோடு போதும்.
முத்திரை விழுந்தது.

ஆனி மாதம் மயில்
மூன்று சாக்கில் இறங்கிப் போனது.
கச்சான் அனலாய் வீசிய ஒரு நாள்,
காலை ஒன்பதரைக்கு,
கண்ணாடியில் விழுந்த சூரியன்
வந்த வழியே திரும்பித்
தெருவைக் கடந்து
மரியசீலனின் ஐஸ் பெட்டிக்குள் இறங்கியது.
பத்தரைக்குள் பாதி தண்ணீர்.
பாரை மீன் அதில் மிதந்தது.

அவன் தண்ணீரை வாளியில் அள்ளிக்கொண்டு
தெருவைக் கடந்தான்.
புதுப் படியில் ஊற்றினான்.
ஒன்றும் பேசவில்லை.
ஹாஜியார் வெளியே வந்தார்.
படியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்,
சாரத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு
அவன் பின்னால்
எதிர்ப்பக்கம் போனார்.

அங்கே நின்று திரும்பினார்.
நீலத்துக்குள் இரண்டு கிழவர்கள்,
ஓர் ஐஸ் பெட்டி,
ஒரு லாரியின் பின்பக்கம்.
கண்ணாடிக்குள் வந்த மானுக்கு
வழிவிட்டு ஒதுங்கி நின்றது ஒரு மான்.

வெகுநேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு
"மயில் எவ்வளவு உயரத்தில இருந்தது?" என்றார்.
மரியசீலன் கையைத் தூக்கிக் காட்டினான்.
சரியாக அந்த இடத்தை.

புதன்கிழமை புதுப் படிவம் வந்தது.
திருத்த விண்ணப்பம். அதே ஏழாவது கேள்வி.
மேலதிகத் தாள் நாலு கேட்டேன்.
கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
"ஒரு சுவருக்கா, மிஸ்?" என்றார்.